மாட்டுக்கு அல்ல, வயிற்றிலுள்ள நுண்ணுயிருக்குத் தீனி

வங்கியில் இருந்த காலத்தில் கறவை மாட்டுக் கடன் மனுக்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் 'தீவனச் செலவு' என்று ஒரு வரி இருக்கும். தொகை சரியா என்று பார்ப்பேனே தவிர, அந்தத் தீவனம் மாட்டின் வயிற்றில் என்ன ஆகிறது என்று யோசித்ததில்லை. அதற்கான பாடத்தை ஒரு மாட்டுப் பொங்கலன்று படித்தேன்.

அன்று வீட்டில் மீந்த பொங்கல், அக்கம்பக்கத்தில் கொடுத்தது எல்லாம் சேர்த்து ஒரு அன்னக்கூடை நிறைய எங்கள் கறவை மாட்டுக்கு வைத்தோம். ஆசையாகத் தின்றது. மறுநாள் காலை அசை போடவில்லை, எழவில்லை. சாணம் தண்ணீராகப் போயிற்று, புளித்த வாடை வேறு. மருத்துவர் வந்து சிகிச்சை செய்தும், அடுத்த நாள் விடியுமுன் இறந்துவிட்டது.

அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "சார், நாம மாட்டுக்குத் தீனி போடல. அது வயித்துல இருக்கிற நுண்ணுயிருக்குப் போடறோம்."

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதலாவதான பெருவயிறு ஒரு நொதிக்கும் தொட்டி. புல்லையும் வைக்கோலையும் அங்குள்ள நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்து மாட்டுக்குச் சக்தி தருகின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்களே செரித்துப் புரதமாகின்றன. சோறு, மாவு அதிகமாக உள்ளே போனால் சட்டென்று புளித்து அமிலம் பெருகிவிடும். நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். அமிலம் ரத்தத்திலும் ஏறும். அமிலத்தை அடக்க இயற்கை கொடுத்திருப்பது உமிழ்நீர். அசை போட்டால்தான் அது நிறைய ஊறும், நார்த்தீவனம் இருந்தால்தான் மாடு அசை போடும்.

மண்ணில் நாம் செய்வதும் இதுதானே? பயிருக்கு நேரடியாக ஊட்டாமல் மண்ணுயிரை வளர்க்கிறோம்.

கணக்கு

தீவனத்தை ஈர எடையில் பார்க்கக்கூடாது. நீரை நீக்கிய உலர் எடைதான் கணக்கு. உடல் எடையில் 100-க்கு 2.5 முதல் 3 பங்கு உலர்தீனி வேண்டும். 400 கிலோ மாட்டுக்கு 10 முதல் 12 கிலோ. இதில் மூன்றில் இரண்டு பங்கு நார்த்தீவனம், ஒரு பங்கு அடர்தீவனம்.

6 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஒரு நாளைக்கு:

- பசுந்தீவனம் 20 கிலோ (உலர் எடை சுமார் 4 கிலோ)
- வைக்கோல் அல்லது சோளத்தட்டு 3 கிலோ (2.7 கிலோ)
- அடர்தீவனம் 4 கிலோ (3.6 கிலோ). உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோ, பிறகு 2.5 லிட்டர் பாலுக்கு 1 கிலோ வீதம்.
- தாது உப்புக் கலவை 30 முதல் 50 கிராம்
- எந்நேரமும் சுத்தமான தண்ணீர்

பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு வேலிமசால், அகத்தி போன்ற பயறுவகையாக இருந்தால் புண்ணாக்குச் செலவு குறையும். சூபாபுல்லை மட்டும் அளவோடு போடுங்கள். பூக்காத இளஞ்சோளத்தை, அதிலும் வாடியதை, மாடு மேயவே விடாதீர்கள். அதில் நஞ்சு உண்டு.

தீவனத்தை மாற்றினால் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். புதுத் தீனிக்கு நுண்ணுயிர்கள் பழக அவ்வளவு நாள் வேண்டும்.

தினமும் மதியம் ஒருமுறை கொட்டகையை எட்டிப் பாருங்கள். படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசை போட வேண்டும். அசை நின்றிருந்தால் அடர்தீவனத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், காலை வரை பொறுக்க வேண்டாம்.

மாட்டுப் பொங்கலுக்கு இப்போதும் எங்கள் வீட்டில் மாடுகளுக்குப் பொங்கல் உண்டு, ஒரு மாட்டுக்கு ஒரு கைப்பிடி. மீந்தது உரக்குழிக்குப் போகிறது.