பிறர் நூலை இணைய வகுப்பில் வைக்கும் முறை

தஞ்சோங் பகாரில் மேக்ஸ்வெல் சாலைப் பக்கமாக நடந்து செல்லும்போதெல்லாம், அங்கே ஒரு காலத்தில் நடைபெற்று வந்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியின் நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை. கடையநல்லூரிலிருந்து கப்பலேறி வந்து இந்தத் துறைமுக வட்டாரத்தில் குடியேறிய முஸ்லிம் பெருமக்களின் முயற்சியால் 1946 ஆம் ஆண்டில் தோன்றி, 1982 ஆம் ஆண்டில் மூடப்பெற்ற அந்தப் பள்ளியையும் அதைப் போன்ற பிற பள்ளிகளையும் எண்ணும்போது, கையில் ஒரே ஒரு நூலை வைத்துக்கொண்டு, வேண்டிய பாட்டைக் கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிப்போட்டு, மாணவர் அனைவரையும் பார்த்தெழுதச் செய்த உபாத்தியாயரின் உருவமே என் மனக்கண்ணில் நிற்கிறது. அவர் எழுதியது மணியடித்ததும் அழிந்துபோயிற்று. நூலாசிரியருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. இன்று நாம் இரவு எட்டு மணிக்கு ஜூம் வழியாக நடத்தும் வகுப்பிலோ, ஒரு நூலை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றிவிட்டால், அது மாணவர் ஒவ்வொருவரின் கருவியிலும் ஒவ்வொரு பிரதியாகிறது. வகுப்பு முடிந்த பின்னும் அழிவதில்லை. வாட்ஸ்அப் குழுக்களின் வழியே நாம் அறியாத கைகளுக்கும் சென்று சேர்கிறது. கற்பிப்பவரின் நோக்கம் அன்றும் இன்றும் ஒன்றே. ஆயினும் செயலின் விளைவு வேறாகிவிட்டபடியால், செய்யும் முறையையும் நாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவற்றின் வாயிலாக. 2020 ஏப்ரல் மாதத்தில், தொற்றுநோயின் காரணமாக வகுப்புகள் யாவும் ஒரே வாரத்தில் வீட்டுக்கணினிக்கு மாறியபோது, மாணவர்களால் நூலகத்துக்குப் போக முடியவில்லையே என்ற பரிவினால், சிங்கப்பூர் எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுதியை முழுவதுமாக ஸ்கேன் செய்து வகுப்புப் பக்கத்தில் ஏற்றினேன். சில மாதங்களுக்குப் பின் தஞ்சோங் பகார் பிளாசாவின் உணவுக் கடையொன்றில் அந்த எழுத்தாளரையே சந்திக்க நேர்ந்தபோது, நான் பெருமையோடு செய்தியைச் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, உங்கள் வகுப்பில் எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டார். முப்பத்திரண்டு பேர் என்றேன். "அந்த வருஷம் முழுவதும் என் புத்தகம் அத்தனை விற்கவில்லை" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே, நம் சிங்கப்பூரில் தமிழை உயர்கல்வி நிலையில் இணையவழி கற்பிக்கும் ஆசிரியர்களின் பொருட்டு, நான் இப்போது கைக்கொண்டுவரும் முறையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு அதன் இடத்தில் வந்த 2021 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், அவ்வாண்டு நவம்பர் 21 ஆம் தேதி முதல் இங்கே நடைமுறையில் இருக்கிறது. நான் சொல்பவை அதனை அடியொற்றியவை.

முதலாவதாக, கணினியைத் திறப்பதற்கு முன்பே, இந்தப் பாடத்துக்கு உண்மையில் வேண்டுவது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "இன்ன ஆசிரியரின் நாவல்" என்று எழுதினால் போதாது. "நாயகி வீட்டைவிட்டு வெளியேறும் கட்டம், நான்கு பக்கம், கதைசொல்லியின் நோக்குநிலை மாறுவதைக் காட்ட" என்று எழுத வேண்டும். இவ்வாறு எழுதிப் பார்த்தால், முழு நூல் தேவை என்று நாம் எண்ணியிருந்த இடங்களில் பலவற்றுக்குச் சில பக்கங்களே போதும் என்பது விளங்கும். ஒரு நூலிலுள்ள கருத்துக்கும் செய்திக்கும் பதிப்புரிமை கிடையாது, அவற்றை எடுத்துரைத்த சொல்லமைப்புக்கே உண்டு என்பதையும் இங்கே ஞாபகத்தில் கொள்ள வேண்டும். கதைச் சுருக்கத்தை நம் சொந்த வாக்கியத்தில் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இரண்டாவதாக, அந்த நூல் இப்போது உரிமைக்குட்பட்டதுதானா என்று பார்க்க வேண்டும். தமிழாசிரியர்கள் வேண்டாத அச்சத்துக்கும் வேண்டாத துணிவுக்கும் மாறிமாறி ஆளாவது இந்த விஷயத்தில்தான். சிங்கப்பூரில் இலக்கியப் படைப்பின் உரிமை பொதுவாக ஆசிரியரின் ஆயுளுக்கும், அவர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டுகளுக்கும் நிலைக்கிறது. இந்தியாவில் அது 60 ஆண்டு. 1921 இல் மறைந்த பாரதியாரின் பாடல்களுக்கு எந்தக் கணக்கின்படியும் தடையில்லை. அவருடைய நூலுரிமையைச் சென்னை மாகாண அரசாங்கம் 1949 ஆம் ஆண்டிலேயே வாங்கிப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கிவிட்டது. ஓர் எழுத்தாளரின் உரிமையை அரசாங்கமே விலைகொடுத்து வாங்கி மக்களிடம் ஒப்படைக்கும் இந்த வழக்கத்தை நாம் "நாட்டுடைமை" என்கிறோம். பாரதிதாசன் முதலிய பலரின் நூல்கள் அவ்வாறே பொதுவாயின. தமிழ் படிப்பிப்பவருக்கு இது பெரும் பாக்கியம். 1954 டிசம்பரில் மறைந்த கல்கியின் நாவல்களோ, சிங்கப்பூரின் 70 ஆண்டுக் கணக்கில் 2024 ஆம் ஆண்டின் இறுதியோடு காலம் கடந்தன. 2025 ஜனவரி முதல் அவற்றின் மூலத்தை இங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஆனால் மூலம் வேறு, அதன்மேல் பிறர் செய்த உழைப்பு வேறு. குறுந்தொகைப் பாட்டுக்கு உரிமை கொண்டாடுவார் எவருமில்லை. அதற்குச் சென்ற ஆண்டு ஒருவர் எழுதிய உரை அவருக்கே உரியது. 1942 இல் மறைந்த உ.வே. சாமிநாதையரின் பதிப்பும் குறிப்புரையும் இப்போது பொது. அதே நூலுக்குப் பின்னாளில் வந்த அறிஞரின் ஆராய்ச்சிக் குறிப்புகள் அவ்வாறல்ல. மொழிபெயர்ப்பும், அட்டைப்படமும், பாட்டைப் பாடிய ஒலிப்பதிவும் தனித்தனி உரிமையுடையவை. கல்கியின் நாவல் பொதுவாகிவிட்டது என்பதற்காக அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்துவிடக் கூடாது.

மூன்றாவது படி, பிரதி செய்யாமலேயே காரியம் முடியுமா என்று தேடுவது. இணைப்பைக் கொடுத்து, "இங்கே சென்று படியுங்கள்" என்று சொல்லிவிட்டால் நாம் பிரதி எதுவும் எடுப்பதில்லை. 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், 2001 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய இணையவழிப் பல்கலைக்கழகமாகிய இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழந்தமிழ் நூல்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. நம் நாட்டு இலக்கியத்துக்கோ, சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டாகிய 2015 இல், 1965 முதல் அதுவரை இங்கு வெளிவந்த தமிழ்ப் படைப்புகளை மின்வடிவாக்கித் தேசிய நூலகத்தில் சேர்த்த மின்மரபுடைமைத் திட்டம் இருக்கிறது. தன்னார்வலர்களும் எழுத்தாளர்களும் ஒத்துழைத்து உருவாக்கிய அந்தத் தொகுப்பை முதலில் பார்க்காமல் ஸ்கேனர் பக்கம் போகவே கூடாது என்பது என் அபிப்பிராயம். 2020 இல் நான் பார்க்காமல் போனேன்.

நான்காவதாக, உங்கள் கல்வி நிலையத்தின் நூலகரை அணுகுங்கள். உயர்கல்வி நிலையங்கள் பல, தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்டியிருக்கின்றன. கிளாஸ் என்று சுருக்கமாக வழங்கும் பதிப்புரிமை உரிமச் சங்கத்தினிடம் பிரதி எடுப்பதற்கான உரிமம் பெறுவதும் உண்டு. அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே உங்களுக்கு அளவு. பகுதிநேர ஆசிரியர்கள் அதைக் கேட்டு வாங்கிப் படிப்பது அரிது, ஆனால் படிக்க வேண்டும். பத்துப் பக்கத்துக்குக் குறையாத நூலில் நூற்றுக்குப் பத்துப் பக்கம், அல்லது ஓர் அத்தியாயம் என்று நாம் அடிக்கடி கேள்விப்படும் கணக்கு, சட்டம் "நியாயமான பகுதி" என்று குறிக்கும் அளவாகும். ஒரு மாணவர் தம் சொந்த ஆராய்ச்சிக்காகவோ படிப்புக்காகவோ அவ்வளவு எடுத்தால் அது நியாயமானதென்றே கொள்ளப்படும். அதை வைத்துக்கொண்டு, "ஆகவே ஆசிரியராகிய நானும் முப்பது பேருக்கு அவ்வாறே அனுப்பலாம்" என்று முடிவு கட்டுவது தவறு. நம் செயலை நிலையத்தின் உரிமமும் மற்ற விதிகளும் தாங்குகின்றனவா என்று தனியே பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பொருள்கள். 2021 ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியர்களுக்குச் செய்த நல்ல உதவி இது: இலாப நோக்கமற்ற கல்வி நிலையங்களின் ஆசிரியரும் மாணவரும், யாவரும் கட்டணமின்றிப் பார்க்கக்கூடிய இணையப் பொருளைக் கற்பித்தலுக்காகப் பயன்படுத்தலாம். இரண்டு கடமைகள் உண்டு. எங்கிருந்து எடுத்தோம், எந்தத் தேதியில் பார்த்தோம் என்பதைக் குறிப்பிட வேண்டும். அப்பொருள் உரிமை மீறி ஏற்றப்பட்டது என்று தெரிவிக்கப்பட்டால் பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும். நான் படவில்லை ஒவ்வொன்றின் அடியிலும் சிறிய எழுத்தில் இப்படி எழுதிவருகிறேன்: "நிழற்படம்: எடுத்தவர் பெயர்; வெளியிட்ட தளம்; பார்த்த நாள் 3 மார்ச் 2025." மாணவர்களும் தம் கட்டுரைகளில் இதைப் பின்பற்றத் தொடங்கிவிட்டார்கள். இலாப நோக்கில் துணைப்பாட வகுப்பு நடத்துவோருக்கு இந்த விதிவிலக்குப் பொருந்தாது என்பதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரே ஆசிரியர் பகலில் பல்கலைக்கழகத்திலும் மாலையில் தம் சொந்த நிலையத்திலும் ஒரே படவில்லைகளைக் காட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. தமிழ் விக்கிப்பீடியா போன்ற, படைப்பாக்கப் பொதுமங்களின் உரிமத்தோடு வருபவை எங்கும் எளிதாகப் பயன்படும். பெயரைச் சுட்டுவதும், அதே உரிமத்தைத் தொடர்வதும் அங்கே நிபந்தனை.

மேற்கண்ட படிகளில் எதிலும் விடை கிடைக்காதபோதுதான் ஆறாவதாகிய "நியாயமான பயன்பாடு" என்ற தராசுக்கு வர வேண்டும். பலர் இதையே முதலில் எடுக்கிறார்கள். சட்டம் நான்கு விஷயங்களைச் சேர்த்துச் சீர்தூக்கச் சொல்கிறது: பயன்பாட்டின் நோக்கமும் தன்மையும், எடுத்தாளும் படைப்பின் இயல்பு, எடுத்த பகுதியின் அளவும் முக்கியத்துவமும், அதனால் அப்படைப்பின் விற்பனைக்கும் மதிப்புக்கும் நேரும் விளைவு. நியாயமான விலையில் நூல் கிடைக்குமா என்று பழைய சட்டத்தில் ஐந்தாவதாக இருந்த ஒன்று இப்போது நீக்கப்பட்டுவிட்டது. நோக்கத்தைப் பொறுத்தவரை ஆசிரியருக்குப் பெரும்பாலும் சங்கடமில்லை. அளவைப் பொறுத்தவரை ஒரு நுட்பம் உண்டு: நாவலில் நான்கு பக்கம் சிறு துளி, புதுக்கவிதையில் பன்னிரண்டு வரி என்பது படைப்பு முழுவதுமே. தொகுதியில் நூற்றுக்கு ஒரு பங்குதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

இந்த நான்கில் கடைசியாகிய விற்பனை விளைவிலேயே நான் அதிக நேரம் நிற்கிறேன். ஆங்கிலப் பாடநூல் உலகமெங்கும் விற்கிறது; ஒரு வகுப்பின் பிரதிகளால் அதன் பதிப்பகத்துக்குச் சிறு கீறல்தான் விழும். சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைத் தொகுதியோ சில நூறு பிரதிகளே அச்சாகி, அவற்றுள் பெரும்பாலானவை ஆசிரியரின் வீட்டு அலமாரியிலேயே அடுக்கப்பட்டிருக்கும். அதை வாங்கக்கூடியவர்கள் யார் என்று கேட்டால், நம் மாணவர்கள்தாம். அப்படியிருக்க, மாணவர் அனைவருக்கும் முழு நூலையும் அனுப்பிவிட்டு, கல்விக்காகத்தானே என்று சொன்னால், தராசின் அந்தத் தட்டு நமக்கு எதிராகத் தாழ்ந்தே நிற்கும்.

இங்கே நண்பர்கள் சிலர் டில்லி வழக்கை எடுத்துக்காட்டுவார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பதிப்பகங்கள், டில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடத்தொகுப்புகளை நகலெடுத்து விற்ற ராமேஸ்வரி என்னும் நகலகத்தின் மீது 2012 இல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் டில்லி உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. அவ்வாண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு, கற்பித்தலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு என்பதே அளவுகோல் என்று கொண்டது. ஏழை மாணவர்களின் பொருட்டு நான் அத்தீர்ப்பை மனமார வரவேற்கிறேன். ஆனால் அது இந்திய நாட்டின் 1957 ஆம் ஆண்டுச் சட்டத்திலுள்ள கல்வி விதிவிலக்கின்மேல் எழுந்தது. சிங்கப்பூரில் உட்கார்ந்து பதிவேற்றுபவரை அது காப்பாற்றாது.

ஏழாவது, கேட்டுப் பெறுவது. தமிழ் எழுத்தாளரிடம் அனுமதி கேட்பது மிக எளிது. அவரை நமக்கு நேரில் தெரிந்திருக்கும், இல்லையேல் தெரிந்தவரைத் தெரிந்திருக்கும். வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல் மின்னஞ்சலில் இவ்வாறு எழுதுங்கள்: "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் இன்ன தொகுதியிலுள்ள இன்ன சிறுகதையை, 12 முதல் 19 ஆம் பக்கம் வரை, என் வகுப்பு மாணவர் 32 பேர் மட்டும் கடவுச்சொல்லோடு படிக்குமாறு, ஜனவரி முதல் மே வரை வைக்க அனுமதி வேண்டுகிறேன். பருவம் முடிந்ததும் நீக்கிவிடுவேன். தங்கள் பெயரும் நூலின் பெயரும் பதிப்பும் முதற்பக்கத்திலேயே இருக்கும்." எது, எவ்வளவு, யாருக்கு, எவ்வளவு காலம் என்ற நான்கும் அதில் அடங்கியிருக்க வேண்டும். உரிமை பதிப்பகத்தாரிடம் இருக்குமாயின் எழுத்தாளரே அதைச் சொல்லிவிடுவார். பெயரைக் குறிப்பிடுவது உபசாரம் மட்டுமன்று. ஆக்கியோனை அடையாளங்காட்ட வேண்டும் என்பதைப் புதிய சட்டம் அவருடைய உரிமையாகவே ஆக்கியிருக்கிறது.

ஏற்றும்போது, வகுப்பில் பதிவு செய்தவர் மட்டும் பார்க்குமாறு பூட்டுவதும், பாடத்தின் காணொளிப் பதிவில் பிறர் படைப்பு இடம்பெற்றிருந்தால் அதை யூடியூபில் பொதுவாக வெளியிடாதிருப்பதும் எளிய காரியங்கள். நீங்களே எழுதிய பாடக்குறிப்பு யாருடையது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்: வேலையின் பகுதியாக எழுதியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பொதுவாக நிலையத்துக்குரியது; பகுதிநேரமாகக் கற்பிப்பவருக்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தமே பதில் சொல்லும்.

நான் ஒரு சாதாரணக் கோடுபோட்ட நோட்டுப் புத்தகத்தில், படைப்பு, பக்கம், எந்த வழியில் எடுத்தேன், தேதி, நீக்கிய நாள் என்று ஐந்து கட்டமிட்டு எழுதிவருகிறேன். சென்ற ஆண்டு அதே எழுத்தாளரிடம், அதே தொகுதியிலிருந்து ஒரே ஒரு கதைக்கு மேற்கண்டவாறு கடிதம் எழுதினேன். மறுநாளே இசைவு வந்தது. நூல் எங்கே கிடைக்கும் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டிருந்தார். சொன்னேன். பதினோரு பேர் வாங்கினார்கள். அவர்களுள் இருவர் தம் பிரதிகளை எடுத்துக்கொண்டு தஞ்சோங் பகாருக்கே வந்து அவரிடம் கையெழுத்துப் பெற்றார்கள். மே 9 ஆம் தேதி கதையை வகுப்புப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, ஐந்தாவது கட்டத்தில் தேதியிட்டேன்.