கேமராவுக்கு முன்னாடி காலிப் பெட்டி: அண்டர்வாட்டர் ஹவுசிங்கை கிணத்துல டெஸ்ட் பண்ணிய கதை

சிவகாசிப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு ஈரம்னாலே ஒரு பயம் உண்டு. அலுமினியப் பவுடர் கலந்த மருந்துல ஈரம் சேர்ந்தா உள்ளுக்குள்ளேயே சூடேறும், சில நேரம் தானாவே பத்திக்கும். தீப்பெட்டியும் பட்டாசும் இந்தப் பக்கம் வேரூன்ற ஒரு முக்கியக் காரணமே இங்க இருக்கிற வறண்ட வெயில்தான். அப்படிப்பட்ட ஊர்ல போய், "ஒரு கேமராவை தண்ணிக்குள்ள இறக்கப் போறோம்"னு சொன்னா வீட்ல எப்படிப் பார்ப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இறக்கச் சொன்னது எங்க சித்தப்பா. விருதுநகர்ல கல்யாண போட்டோகிராஃபர். இப்போ ப்ரீ-வெட்டிங் ஷூட்டை தண்ணிக்குள்ள எடுக்கணும்னு பார்ட்டிகள் கேட்க ஆரம்பிச்சிட்டாங்க. அதுக்காக 40 மீட்டர் ஆழம் வரை தாங்கும்னு எழுதியிருந்த ஒரு புது ஹவுசிங் வாங்கிட்டு வந்து, "டேய் தம்பி, இன்ஜினியரிங் தான படிக்கிற, இது தாங்குமான்னு பாத்துச் சொல்லு"ன்னு கையில கொடுத்துட்டார். உள்ள போகப்போற கேமரா அவரோட பொழப்பு. ரெண்டு வாரத்துல முகூர்த்தம்.

நாலு வருஷம் படிச்ச ஃப்ளூயிட் மெக்கானிக்ஸை முதல் தடவையா பயத்தோட எடுத்துப் பார்த்தது அன்னைக்குத்தான். நீங்க கேமரா வாங்கினாலும் சரி, மொபைலுக்கு வாட்டர்ப்ரூஃப் கேஸ் வாங்கினாலும் சரி, இந்தப் பாடம் உதவும்.

தண்ணி எவ்வளவு அழுத்துது?

ஆழத்துல அழுத்தம் = அடர்த்தி × g × ஆழம். நல்ல தண்ணியில 10 மீட்டர் போனா 1000 × 9.81 × 10, அதாவது சுமார் 98 கிலோபாஸ்கல். நம்மைச் சுத்தி இருக்கிற காத்தோட அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமம். கடல் தண்ணி கொஞ்சம் கனம் என்பதால் அங்க 100 கிலோபாஸ்கல்.

நம்பரா பார்த்தா பயம் வராது. விசையா மாத்திப் பாருங்க. ஹவுசிங்கோட பின்கதவு 15 செ.மீ. × 12 செ.மீ. பரப்பு 0.018 சதுர மீட்டர். 10 மீட்டர்ல அது மேல விழுற விசை சுமார் 1770 நியூட்டன், அதாவது 180 கிலோ எடை. ரெண்டு மூணு ஆளு கதவு மேல ஏறி நிக்கிற மாதிரி. கடல்ல 40 மீட்டர் போனா அது 740 கிலோ ஆகிடும். ஒரு சின்ன காரையே கதவு மேல நிறுத்தின கணக்கு.

சென்னை பள்ளிக்கரணையில இருக்கிற தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்குற மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியும் இதே கணக்குத்தான். 6000 மீட்டர்ல சுமார் 600 மடங்கு காத்தழுத்தம். அதனாலதான் மூணு பேர் உட்காருற அறை டைட்டானியத்துல செஞ்ச உருண்டை. உருண்டையில அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாப் பரவும்; தட்டையான கதவு நடுவுல வளையும்.

காவல்காரன்: ஒரு ரப்பர் வளையம்

இவ்வளவு விசைக்கும் நடுவுல தண்ணியைத் தடுக்கிறது ஒரு ஓ-ரிங் மட்டும்தான். கதவு ஓரத்துல ஒரு பள்ளம், அதுல உட்கார்ற ரப்பர் வளையம். கதவை மூடி லாக் போடும்போது ரப்பர் கொஞ்சம் நசுங்கி ரெண்டு பக்கமும் ஒட்டிக்கும். ஆழம் போகப் போக தண்ணியே கதவை இன்னும் அழுத்தும், ரப்பரையும் பள்ளத்தோட உள்சுவர் பக்கம் தள்ளும். அதனால சரியா உட்கார்ந்த ஓ-ரிங் ஆழத்துல இன்னும் இறுக்கமா அடைக்கும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பல கசிவுகள் ஆழத்துல வராது, மேலாப்புல, முதல் ஒரு மீட்டர்லயே வரும். அங்க உதவிக்கு அழுத்தம் இல்ல; லாக் கொடுக்கிற இறுக்கம் மட்டும்தான். "நம்ம ஷூட் நீச்சல் குளத்துல தான, ஆழம் இல்லையே"ன்னு நினைக்கிறது தப்பு.

ஓ-ரிங் தோத்தா என்ன ஆகும்னு உலகமே டிவியில பார்த்திருக்கு. 1986 ஜனவரி 28 அன்னைக்கு சேலஞ்சர் விண்கலம் கிளம்பின 73 நொடியில சிதறி ஏழு பேர் இறந்தாங்க. பக்கத்துல இருந்த திட எரிபொருள் பூஸ்டரோட இணைப்புல இருந்த ஓ-ரிங், அன்னைக்கு இருந்த குளிர்ல விறைச்சுப்போய் சரியா அடைக்கல. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் விசாரணையில அந்த ரப்பர்ல ஒரு துண்டை ஐஸ் தண்ணியில முக்கிக் காட்டினார். அமுக்கி விட்ட ரப்பர் உடனே பழைய வடிவத்துக்கு வரல. ராக்கெட் பார்த்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு இந்தக் கதை மறக்காது.

டெஸ்ட்: கேமரா வெளியே, டிஷ்யூ உள்ளே

முதல் விதி: முதல் தடவை கேமராவைப் போடாதீங்க. காலி ஹவுசிங்தான் இறங்கணும்.

உள்ள ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை விரிச்சோம். நாலு மூலையிலும் ஸ்கெட்ச் பேனாவால புள்ளி வச்சு 1, 2, 3, 4ன்னு நம்பர் போட்டோம். தண்ணியில கரையுற இங்க் என்பதால ஒரு சொட்டு பட்டாலும் புள்ளி பூ மாதிரி விரியும். கசிஞ்சதா இல்லையாங்கிறதோட, எந்த மூலைன்னும் சொல்லிடும்.

அடுத்த பிரச்சினை: பெட்டி மிதக்கும். ஆர்க்கிமிடீஸ் இங்க வர்றார். ஹவுசிங் இடம்பெயர்க்கிற தண்ணி 2.2 லிட்டர், காலியா எடை 1.3 கிலோ. அப்போ 900 கிராம் மேல தூக்கும். கல்லைக் கட்டணும், ஆனா கல்லும் தண்ணிக்குள்ள எடை குறையும். கருங்கல் அடர்த்தி தண்ணியைப் போல 2.7 மடங்குன்னு வச்சா, ஒன்றரை கிலோ கல் தண்ணிக்குள்ள சுமார் 940 கிராம்தான். அந்த ஒன்றரை கிலோவே போதும், மெதுவா இறங்கும்.

இடம்: சொந்தக்காரங்க தோட்டத்துக் கிணறு. கேட்டு அனுமதி வாங்கினோம். யாரும் தண்ணியில இறங்கல; கயிறு மட்டும்தான். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு முடிச்சு.

முதல்ல அண்டாத் தண்ணியில முக்கிப் பார்த்தோம். குமிழி எதுவும் வரல. "பாஸ்"னு சித்தப்பா சொல்லிட்டார். அடுத்து கிணத்துல ஒரு முடிச்சு, அதாவது 1 மீட்டர், அரை மணி நேரம். மேல எடுத்து, நல்லாத் துடைச்சுட்டுத் திறந்தோம்.

3-வது புள்ளி விரிஞ்சிருந்தது.

சித்தப்பா ஒண்ணும் பேசல. அவர் கேமராவைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தார்.

ஓ-ரிங்கை எடுத்து வெயில்ல பிடிச்சுப் பார்த்தா, 3-வது மூலையில ஒரு நூல். மூடுறதுக்கு முன்னாடி துண்டால துடைச்சோமே, அந்தத் துண்டோட நூல்தான். முடி அளவு கனம்கூட இல்ல. ரப்பருக்கும் கதவுக்கும் நடுவுல அது ஒரு சுரங்கப்பாதை போட்டுக் கொடுத்திருக்கு. தப்பு பெட்டியில இல்ல, எங்க கையில.

பள்ளத்தை நூல் பிரியாத துணியால துடைச்சு, ஓ-ரிங்கை விரலால தடவிப் பார்த்து, கம்பெனி கொடுத்த கிரீஸை மினுமினுப்பு வர்ற அளவுக்கு மட்டும் போட்டோம். கிரீஸ் தண்ணியை அடைக்காது. ரப்பர் முறுக்காம வழுக்கி உட்காரத்தான் அது. அதிகமாப் போட்டா தூசியைத்தான் பிடிச்சு வைக்கும். மறுபடி 1 மீட்டர்: காய்ஞ்சிருந்தது. 9 மீட்டர், அரை மணி நேரம்: நாலு புள்ளியும் அப்படியே இருந்தது.

இதுல நான் கத்துக்கிட்டது: டெஸ்ட்ல பாஸ் ஆனது பெட்டி இல்ல, அன்னைக்கு மூடின அந்த ஒரு மூடல்தான். பேட்டரி மாத்தத் திறந்தீங்கன்னா பழைய மார்க் செல்லாது, புதுப் பரீட்சை. ஒவ்வொரு தடவையும் துடைக்கணும், தடவணும், பார்க்கணும். இன்னொண்ணு, எங்க கிணறு 9 மீட்டருக்குத்தான் சான்று கொடுக்கும், 40-க்கு இல்ல. நீச்சல் குள ஷூட்டுக்கு அது தாராளம்.

கசியலைன்னாலும் கண்ணாடியில பனி

தண்ணி வெளிய இருந்துதான் வரணும்னு இல்ல. நீங்க மூடும்போதே காத்தோட உள்ள போயிடும். 32 டிகிரி வெயில்ல, 75 சதவீத ஈரப்பதத்துல மூடினா, அந்தக் காத்து சுமார் 27 டிகிரிக்குக் குளிர்ந்தாலே துளியா மாறும். முன்கண்ணாடி தண்ணியைத் தொட்டுக்கிட்டு இருக்கு. கிணத்துத் தண்ணி அதைவிடக் குளிரா இருந்தா படம் முழுக்க மூட்டம்தான். அதையே 24 டிகிரி ஏசி ரூம்ல, 50 சதவீத ஈரப்பதத்துல மூடினா, 13 டிகிரி வரை பிரச்சினை இல்ல. கூட ரெண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட். ஷூ டப்பாவுல இருந்து தூக்கிப் போடுற அதே பாக்கெட்தான்.

படம் ஏன் வேற மாதிரி வருது?

கிணத்துல எட்டிப் பார்த்தா 4 மீட்டர் ஆழம் 3 மீட்டரா தெரியும். தண்ணியோட ஒளிவிலகல் எண் 1.33 பண்ற வேலை. தட்டைக் கண்ணாடி வச்ச ஹவுசிங்லயும் இதேதான்: பொருள் நாலுல மூணு பங்கு தூரத்துல இருக்கிற மாதிரி, மூணுல ஒரு பங்கு பெருசாத் தெரியும், லென்ஸோட பார்வை அகலமும் குறையும். அதைச் சரிக்கட்டத்தான் அரைக்கோளக் கண்ணாடி வைக்கிறாங்க.

நிறமும் போயிடும். தெளிஞ்ச கடல்லயே சிவப்பு ஒளி முதல் சில மீட்டர்ல பெரும்பாலும் காணாமப் போகும். கல்யாணப் பொண்ணோட அரக்குப் பட்டு, ஆழத்துல கருப்பாத்தான் வரும். அதுக்கு ஒரே வழி, வெளிச்சத்தை நீங்களே கொண்டு போறது. அந்த விளக்கை லென்ஸ் பக்கத்துல வைக்காம ரெண்டு பக்கமும் தள்ளி வைங்க. இல்லைன்னா மிதக்குற தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியா மின்னும்.

மிஞ்சி கசிஞ்சிட்டா?

ஸ்கூபாவுல இருந்தா, இது ரொம்ப முக்கியம்: கேமராவைக் காப்பாத்த வேகமா மேல வராதீங்க, மூச்சை அடக்காதீங்க. 10 மீட்டர்ல நுரையீரல்ல இருக்கிற காத்து மேல வந்தா ரெண்டு மடங்கா விரியும். மூச்சை அடக்கினா நுரையீரல் கிழியும். கேமராவை இன்னொண்ணு வாங்கலாம்.

மேல வந்ததும் ஹவுசிங்கை முகத்துக்கு நேரா வச்சுத் திறக்காதீங்க; உப்புத் தண்ணியில மாட்டின பேட்டரி வாயுவை உண்டாக்கியிருக்கலாம். திறந்ததும் பேட்டரியைக் கழட்டித் தனியா, எரியுற பொருள் எதுவும் இல்லாத இடத்துல வைங்க. காயவச்சு சார்ஜ் போடவே கூடாது.

இதெல்லாம் கல்யாண ஷூட்டுக்கு மட்டுமா?

நம்ம ஊர்ல இருந்து சுமார் 100 கிலோமீட்டர்ல தூத்துக்குடி. அங்கிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகளைச் சுத்தி மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 1986-ல அறிவிக்கப்பட்டது. அனுமதி இல்லாம இறங்கக் கூடாத இடம். தூத்துக்குடியில இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பவளப்பாறைகளைப் பல வருஷமா ஆய்வு செய்யுது. 2016-ல கடல் சூடாகி பவளங்கள் வெளுத்தபோது, எவ்வளவு போச்சு, எவ்வளவு மிச்சம்னு தண்ணிக்குள்ள இறங்கித்தான் கணக்கெடுக்கணும். அந்த வேலைக்கும் காய்ஞ்ச கேமரா வேணும். விலை குறைஞ்ச, நம்பகமான ஹவுசிங் நல்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும்கூட; யாராவது எடுங்க.

சித்தப்பாவோட ஷூட் நல்லபடியா முடிஞ்சது. இப்போ ஹவுசிங் பையில ஒரு கட்டு டிஷ்யூவும் ஒரு ஸ்கெட்ச் பேனாவும் நிரந்தரமா இருக்கு. துண்டை மட்டும் பக்கத்துல விடுறதில்ல.