சமன்பாட்டின் விடையும் வாய்ப்புப் பார்த்தலும்

தலதா மாளிகைக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் உடவத்தகெலே வனத்துக் குரங்குகளைக் காணாதார் கண்டியிற் கற்றோருள் மிகச் சிலரே. பாஸ்கராசாரியரும் 1150 ஆம் ஆண்டிற்குரிய தம் பீஜகணிதத்திற் குரங்குக் கூட்டங்களை வைத்து இரு கணக்குகள் அமைத்துள்ளார். சமன்பாட்டைத் தீர்த்து, விடையின் கீழ் இரட்டைக் கோடிட்டதும் எழுதுகோலை வைத்துவிடும் மாணாக்கர் பொருட்டு அவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற் கணக்கு இது. கூட்டத்தின் எட்டிலொரு பங்கின் வர்க்கம் சோலையில் விளையாடிற்று. எஞ்சிய பன்னிரண்டும் குன்றின்மேல் இருந்தன. மொத்தம் எத்தனை? தெரியாக் கணியத்தைப் பாஸ்கரர் 'யாவத்தாவத்' என்பதன் முதலெழுத்தாகிய 'யா' என்பதாற் குறிப்பர். நாமும் அவ்வாறே கொள்வாம்.

(யா/8)² + 12 = யா

64 ஆற் பெருக்கி ஒழுங்கு செய்ய, யா² − 64யா + 768 = 0 ஆகும். காரணிப்படுத்த, (யா − 48)(யா − 16) = 0. ஆகவே யா = 48 அல்லது 16. வாய்ப்புப் பார்ப்பாம்: 48 இன் எட்டிலொன்று 6; 36 + 12 = 48. 16 இன் எட்டிலொன்று 2; 4 + 12 = 16. இரண்டும் பொருந்தும்.

மாணாக்கர் சிலர் விடையை இடைவரியிற் பிரதியிட்டு மகிழ்வர். அங்கே பின்னம் இல்லாமையே அதன் கவர்ச்சி போலும்! 64 ஆற் பெருக்குங்கால் 12 ஐப் பெருக்க மறந்தவனுக்கு அவ்வரியே பிழை. பிழையான வரியிற் பிறந்த விடை அவ்வரியிற் பொருந்தத்தானே செய்யும்? முதல் வரியிற் பிரதியிட்டால் மட்டுமே குட்டு வெளிப்படும்.

முதல் வரியும் போதாதென்பதை இரண்டாங் கணக்குக் காட்டும். கூட்டத்தின் ஐந்திலொரு பங்கில் மூன்றைக் குறைத்து வர்க்கித்த தொகை குகையுட் புகுந்தது. ஒன்று மட்டும் கிளையில் ஏறி நின்றது.

(யா/5 − 3)² + 1 = யா

இது யா² − 55யா + 250 = 0 ஆகி, 50, 5 என்னும் விடைகளைத் தரும். 50 இற்கு 10 − 3 = 7; 49 + 1 = 50. 5 இற்கு 1 − 3 = −2; 4 + 1 = 5. சமன்பாட்டளவில் இரண்டும் சரியே. எனினும் பாஸ்கரர் ஐந்தை விலக்கினார். ஒரு குரங்கிலிருந்து மூன்று குரங்குகளைக் குறைப்பது எங்ஙனம்? ஆதலின் விடையை வினாவின் சொற்களிலும் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் 5 எங்கிருந்து வந்தது? மூன்றிலிருந்து ஐந்திலொரு பங்கைக் குறைத்து வர்க்கித்தது குகையுட் புகுந்ததென வினாவை மாற்றுக. அப்போதும் இதே இருபடிச் சமன்பாடே பிறக்கும். வர்க்கித்தல் குறியை மறைத்துவிடுகின்றது. அவ்வினாவிற்கு 3 − 1 = 2 ஆதலின் 5 உரிய விடை; விலக்கப்படுவது 50. இரு வினாக்களுக்கும் சமன்பாடு ஒன்றே. கேட்கப்பட்டது எவ்வினா என்பதை அஃது அறியாது.