ஓர் அளவில் உருவாகும் சட்டை

குளிர்நாடுகளில் வீட்டிலேயே கம்பளிச்சட்டை பின்னும் பழக்கம் இன்றும் உண்டு. முன்பக்கம், பின்பக்கம், இரு கைகள் எனத் தனித்தனித் துண்டுகளாகப் பின்னி, பின்னர் அவற்றை இணைத்துத் தைப்பது ஒரு முறை. பல வாரங்கள் உழைத்துப் பின்னிய சட்டைகூட, இறுதியில் தைக்கும்போது கோணலாகிவிடலாம்.

இந்தத் தையல் வேலையே தேவையில்லை என்று கருதினார் எலிசபெத் சிம்மர்மேன். 1910ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த இவர், பின்னாளில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழ்ந்தார். இரு குட்டை ஊசிகளை வளையும் கம்பியால் இணைத்த வட்ட ஊசியைக் கொண்டு, சட்டையைக் குழாய்போலச் சுற்றிச் சுற்றிப் பின்னினார். ஆனால், இதழ் ஒன்று அவர் எழுதி அனுப்பிய செய்முறையைத் துண்டுகளாகப் பின்னும் முறைக்கு மாற்றி வெளியிட்டது. அம்மாற்றத்தை அவர் விரும்பவில்லை. 1958இல் சொந்தமாகச் செய்திமடல் ஒன்றைத் தொடங்கி, தம் முறையைத் தாமே விளக்கலானார்.

இம்முறைக்கு அடிப்படை எளிய கணக்கே. முதலில் ஒரு சிறிய மாதிரித் துண்டைப் பின்ன வேண்டும். அதில் 10 சென்டிமீட்டர் அகலத்திற்கு 20 கண்ணிகள் இருப்பதாகக் கொள்வோம். மார்புச் சுற்றளவு 100 சென்டிமீட்டர் என்றால், உடற்பகுதிக்கு 200 கண்ணிகள் தேவை. மற்ற அளவுகள் யாவும் இந்த எண்ணிலிருந்தே பிறக்கின்றன. மணிக்கட்டுக்கு 20 விழுக்காடு, அதாவது 40 கண்ணிகள். மேற்கைக்கு 33 விழுக்காடு, அதாவது 66 கண்ணிகள். கழுத்துக்கு 40 விழுக்காடு, அதாவது 80 கண்ணிகள்.

உடற்பகுதியும் கைகளும் அக்குள்வரை வளர்ந்ததும், மூன்றையும் ஒரே ஊசியில் சேர்க்க வேண்டும். பிறகு கண்ணிகளைப் படிப்படியாகக் குறைத்தபடி கழுத்துவரை பின்ன வேண்டும். அக்குளில் ஒதுக்கி வைத்த கண்ணிகளை ஊசிநூலால் கோத்துவிட்டால், தையல் தடமே தெரியாது. தொடைவரை நீளும் சட்டை வேண்டுமெனில், இடுப்புக்குக் கீழுள்ள சுற்றளவையும் அளந்து, அதற்கேற்ற கண்ணிகளுடன் அடியிலிருந்து தொடங்கலாம்.

மாதிரித் துண்டு பின்னுவதை வீண்வேலை என்று சிலர் தவிர்ப்பதுண்டு. ஒரே நூலையும் ஒரே அளவு ஊசியையும் பயன்படுத்தினாலும், ஒருவர் இறுக்கமாகப் பின்னுவார். மற்றொருவர் தளர்வாகப் பின்னுவார். 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணிகள் என எண்ணியிருக்க, உண்மையில் 18 மட்டுமே அமைந்தால், அதே 200 கண்ணிகள் ஏறத்தாழ 111 சென்டிமீட்டர் சுற்றளவைத் தந்துவிடும். சட்டை தொளதொளவெனத் தொங்கும். நூலைப் பிரித்து மீண்டும் பின்னலாம். செலவழித்த நாள்களை மீட்க முடியாது.

சட்டை நிறைவடைந்த பின், கழுத்தோரத்திலும் கீழ்விளிம்பிலும் சங்கிலித் தையலால் எளிய பூக்களையோ கொடிகளையோ அமைக்கலாம். பின்னல் துணி இழுபடும் தன்மையுடையது. ஆகவே, பூத்தையல் நூலை இறுக்கி இழுக்கக்கூடாது. இறுக்கினால் துணி சுருங்கிவிடும்.

1971இல் வெளிவந்த தமது நூலிலும் சிம்மர்மேன் இம்முறையை விளக்கினார். பிறர் கொடுத்த எண்ணை அப்படியே பின்பற்றாமல், தம் கையால் பின்னிய துண்டைத் தாமே அளந்து தொடங்குமாறு அவர் கற்பித்தார். அந்த முதல் அளவு சரியாக இருந்தால், சட்டையும் உடலுக்குப் பொருந்தும்.