இன்னும் ரெண்டு தெளிப்பான் சேர்க்கலாமா?

வீட்டு முன்னால் புல்தரைக்குத் தெளிப்பான் போட்டவர்கள் கொஞ்ச நாள் கழித்துக் கேட்கும் கேள்வி இது. பக்கவாட்டு இடம் காய்கிறது, அங்கேயும் ரெண்டு தலை சேர்த்துவிடலாமா? தேவதானப்பட்டியில் என் வீட்டில் இதைச் செய்த பிறகு, அக்கம்பக்கத்தில் சிலருக்கும் கூடநின்று செய்து கொடுத்திருக்கிறேன். எல்லோரும் முதலில் விசாரிப்பது பைப் விலையை. நானோ முதலில் தண்ணீரை அளக்கச் சொல்வேன்.

இருபது லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றை வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறதென்று பார்த்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். அது பாதிக் கணக்குதான். பைப் வாய் முழுதாகத் திறந்திருக்கும்போது தண்ணீர் கொட்டும், ஆனால் அழுத்தம் இருக்காது. தெளிப்பானுக்கு இரண்டும் சேர்ந்து வேண்டும். மோட்டாரின் டெலிவரி பைப்பில் ஒரு பிரஷர் கேஜும் அதற்கு அடுத்து ஒரு வால்வும் மாட்டுங்கள். முள் 2 கிலோவுக்கு வரும்வரை வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். அந்த நிலையில் வாளியைப் பிடித்து அளந்தால் வருவதுதான் உங்கள் கையிலிருக்கும் தண்ணீர். 20 லிட்டர் 30 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 40 லிட்டர். அதில் முக்கால் பங்கை, அதாவது 30 லிட்டரை மட்டும் கணக்கில் எடுங்கள். சித்திரையில் போர் இறங்கும்போது மிச்சக் கால் பங்கு கைகொடுக்கும்.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக இறக்கிக்கொள்ளலாமே என்பார்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தருவது ஒரு கிலோ அழுத்தம்தான். இருபது அடி உயரத்தில் இருக்கும் தொட்டி 0.6 கிலோதான் தரும். பாப்-அப் தலைகள் அதில் மண்ணைவிட்டு ஒழுங்காக எழுந்திருக்காது. தொட்டித் தண்ணீர்தான் வழி என்றால் நடுவில் ஒரு பிரஷர் பம்ப் வேண்டும். பேரூராட்சிக் குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்து இழுப்பது மட்டும் கூடவே கூடாது. அது சட்டப்படி தப்பு, தெருவில் கடைசி வீட்டுக்காரரின் குடத்தையும் காலியாக்கும்.

இனி தலைகளின் கணக்கு. 15 அடி எட்டும் சாதாரணத் தெளிப்பு நாசில், 2 கிலோ அழுத்தத்தில், முழு வட்டத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 14 லிட்டர் குடிக்கும். அரை வட்டத்துக்கு 7, கால் வட்டத்துக்கு 3.5. முன்வாசலில் நாலு அரை வட்டத் தலை இருந்தால் 28 லிட்டர் ஏற்கனவே போய்விட்டது. நம் கையிலிருப்பது 30. அதே லைனில் இன்னும் மூன்று தலை சேர்த்தால் 49 ஆகிவிடும், ஏழு தலையும் சோர்ந்துபோகும். புதுப் புல்லுக்கும் தண்ணீர் எட்டாது, பச்சையாக இருந்த பழைய புல்லும் திட்டுத்திட்டாகப் பழுக்கும்.

என் வீட்டு வேலைக்கு வந்த பிளம்பர், "அண்ணே, இருக்கிற லைன்லயே ஒரு டீ போட்டு இழுத்துருவோம், மதியத்துக்குள்ள முடிஞ்சிரும்" என்றார். "வேணாம் தம்பி. மோட்டார்கிட்ட இருந்தே தனி லைன், தனி வால்வு. ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டிக்கிறேன்" என்றேன். கூடுதல் செலவு ஒரு பால் வால்வும் கொஞ்சம் பைப்பும்தான். போரும் மோட்டாரும் பழையதே போதும். இந்த ஒரு முடிவைச் சரியாக எடுத்துவிட்டால் விரிவாக்கத்தில் முக்கால்வாசி வேலை முடிந்தது.

வால்வை மாற்றும்போது அடுத்ததைத் திறந்த பிறகே முந்தையதை மூடவேண்டும். எங்கள் ஊர் வாழைத் தோட்டங்களில் சொட்டுநீர் ஓட்டுகிறவர்களுக்கு இது கைப்பழக்கம். இரண்டும் மூடிக் கிடக்க மோட்டார் ஓடினால் ஒட்டிய மூட்டுகள் பிய்த்துக்கொள்ளும், மோட்டாரும் சூடேறும்.

புது லைனுக்கு முக்கால் இஞ்ச் போதும் என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். அதே தண்ணீர் ஒரு இஞ்ச் பைப்பில் போவதைவிட முக்கால் இஞ்ச்சில் போகும்போது உராய்வில் இழக்கும் அழுத்தம் ஏறக்குறைய நாலு மடங்கு. ஒரு அடி ஆழத்தில் பதியுங்கள், மண்வெட்டி படாது. பைப் ஒட்டி முடித்ததும் நாசில் மாட்டாமல் சில நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். பைப் அறுத்த தூளும் மண்ணும் வெளியேறட்டும்.

ஒரு தலையின் தண்ணீர் அடுத்த தலையின் காலடிவரை விழவேண்டும் என்பது விதி. 15 அடி எட்டும் என்றால் தலைக்குத் தலை 15 அடி. தேனி மாவட்டத்தில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று ஆண்டிபட்டிப் பக்கம் நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். அதனால் நான் 12 அடியாகக் குறைத்தேன். காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில்தான் ஓட்டுகிறேன்.

பெரிய இடத்துக்கு டக்டக்கென்று சுற்றும் தெளிப்பான் உண்டு. கலிபோர்னியாவின் கிளெண்டோராவில் ஆர்ட்டன் எங்கல்ஹார்ட் என்ற விவசாயி 1933இல் உருவாக்கியது அது. நல்ல கருவி. ஆனால் அதையும் சின்னத் தெளிப்புத் தலையையும் ஒரே வால்வில் கோக்கக் கூடாது. சின்னத் தலைகள் 15 அடி இடைவெளியில் மணிக்கு 40 மில்லிமீட்டர் மழை பொழியும். சுற்றும் தெளிப்பான் அதில் நாலில் ஒரு பங்குதான் தரும். ஒன்றுக்குப் போதுமான நேரத்தில் மற்றது சேறாகிவிடும். ரோஜா, மல்லிகைப் பாத்திக்கும் அப்படித்தான். அவற்றுக்குத் தனி வால்வில் சொட்டுக்குழாய் போடுங்கள். இலை நனையாமலிருந்தால் நோய் குறையும்.

பெரியகுளம் வட்டாரத்தில் மாமரம் இல்லாத வீடு குறைவு. காய்க்கிற மாமரம் பூப்பதற்கு முந்தைய மாதங்களில் காய்ச்சலாக இருக்கவேண்டும். புல்லுக்கு விடும் தண்ணீர் அதன் வேருக்குப் போனால் பூவுக்குப் பதில் தளிர் தள்ளும், பூவின் மேலே பட்டால் பூங்கொத்து கருகும். அதனால் மரத்தின் நிழல் விழும் வட்டத்துக்குள் புல்லே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எவ்வளவு தூரம் விரிக்கலாம் என்பதையும் தண்ணீரே சொல்லட்டும். கோடையில் புல்லுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால், ஒரு சென்ட்டுக்கு 200 லிட்டர். மூன்று சென்ட்டுக்கு 600 லிட்டர், தினமும். கம்பம் பள்ளத்தாக்குக்கு 1895 முதல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வருகிறது. எங்கள் பக்கத்துக்கு மஞ்சளாறுதான், அதுவும் கொடைக்கானல் மலையில் மழை இருந்தால்தான். சுற்றிலும் விவசாயம் செய்கிறவர்களின் கிணறும் என் போரும் ஒரே நிலத்தடியில்தான் இறைக்கின்றன. எனவே கொரியன் புல்லை முன்வாசலோடு நிறுத்தி, புது இடத்தில் அருகம்புல்லை வளர்த்தேன். கோல்ஃப் மைதானங்களில் பெர்முடா என்று பேர் வாங்கியது இதே அருகுதான். இரண்டு வாரம் காய்ந்தாலும் ஒரு நனைப்பில் துளிர்த்துவிடும்.

ஓட்டிப் பார்த்தபின் ஒரே அளவான நேர்ச்சுவர் டம்ளர்களைப் புல்லில் பரப்பி வையுங்கள். எதில் குறைவாக நிற்கிறதோ அந்தப் பக்கத் தலையைத் திருப்பிச் சரிசெய்யலாம். எட்டு நிமிடத்தில் 5 மில்லிமீட்டர் சேரவேண்டும். எங்கள் செம்மண் சரிவில் ஒரே மூச்சில் விட்டால் பாதி ஓடிவிடுகிறது, நாலு நாலு நிமிடமாகப் பிரித்து விடுகிறேன். மோட்டாரை நிறுத்திய பிறகும் தாழ்ந்த மூலைத் தலையில் தண்ணீர் கசிந்தால் அது பழுதல்ல, பைப்பில் நின்றது வடிகிறது. அந்தத் தலைக்கு மட்டும் செக் வால்வு உள்ளதை வாங்கிப் போடுங்கள்.

போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் நாசில் வாயில் வெள்ளையாகப் படியும். வினிகரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும், ஊசி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். ஃபில்டர் வலையை வாரம் ஒருமுறை கழுவுங்கள். பள்ளம் மூடும் முன் ஒவ்வொரு டீயும் வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று ஒரு தாளில் வரைந்து, ஈபி கார்டோடு சேர்த்து வையுங்கள். அடுத்து அங்கே குழி தோண்டப்போகிறவர் அதைத்தான் கேட்பார்.