வேர் ஊன்றினால் கிளை பரவும்

கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் 1912 டிசம்பர் 29 அன்று ஒரு தமிழர் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தாம். நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பது அவர் பெயர். இந்நகரின் தமிழ்க் கிறிஸ்தவப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு இது.

அசரியாவின் தந்தை கிராமத்துக் குருவானவர். அவர் காலமானபோது அசரியா சிறுவன். பிறகு தாயார் எலன்தான் ஜெபத்திலும் ஒழுக்கத்திலும் மகனை வளர்த்தார். அந்த மகன் பின்னாளில் தோர்ணக்கல் சென்று, தெலுங்கு கற்று, அம்மக்களோடு வாழ்ந்து, 1945இல் மறையும் வரை அங்கேயே ஊழியம் செய்தார். வீட்டில் ஊன்றிய வேர் அயல் மண்ணை வெறுக்கக் கற்பிக்கவில்லை. அங்கே நிலைத்து நிற்கும் பலத்தைத் தந்தது.

நம் பிள்ளைகளின் நிலை என்ன? தெருவில் வங்காளி, பள்ளியில் ஆங்கிலம், தொலைக்காட்சியில் இந்தி. வீட்டு ஜெபம் மட்டும் தமிழ். அது புரியாத பிள்ளை பணிவுக்காக 'ஆமென்' சொல்லும். மேற்படிப்புக்கென்று வீட்டை விட்டுப் போகும்போது அந்த ஆமெனையும் விட்டுப் போகும்.

வேதாகமத்தில் தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன், தாய் யூத விசுவாசி. ஊரோ பிறமதச் சூழல் நிறைந்த லீஸ்திரா. எனினும் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் அவனிடமும் இருப்பதைப் பவுல் குறிப்பிடுகிறார் (2 தீமோத்தேயு 1:5). நாம் செய்யக்கூடியவை மூன்று:

1. தினமும் பத்து நிமிடம் குடும்ப ஜெபம். ஒரு சங்கீதத்தைப் பிள்ளை தமிழில் எழுத்துக்கூட்டியாவது வாசிக்கட்டும். பொருளைத் தனக்கு வரும் மொழியில் சொல்லட்டும். ஊரிலுள்ள பாட்டியிடம் வாரம் ஒரு முறை தொலைபேசியில் அதை ஒப்பிக்கட்டும்.

2. கேள்விக்குப் பதில். பூஜை நாட்களில், "நாம் ஏன் அஞ்சலி செலுத்துவதில்லை?" என்று பிள்ளை கேட்கும். "அதெல்லாம் கூடாது" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். மகன் கேட்கும்போது கடவுள் நமக்குச் செய்ததை எடுத்துச் சொல்லுங்கள் என்கிறது உபாகமம் 6:20-21. அயலாரைப் பழிக்காமல் நம் நம்பிக்கையைச் சொல்லலாம். கிறிஸ்துமஸை 'பொடோதின்', அதாவது பெரிய நாள், என்று கொண்டாடி நம்மோடு கேக் பகிர்கிறவர்களும் அவர்கள்தாமே!

3. நடத்தை. காலையில் ஜெபித்த வாய் மாலையில் வேலைக்காரப் பெண்ணை ஏசினால், பிள்ளையின் மனத்தில் நிற்பது மாலைப் பாடமே.

சிந்திக்க:

நம் ஜெபத்தில் பிள்ளைக்குப் புரியாத சொற்கள் எவை? இந்த வாரம் அவற்றில் ஐந்துக்காவது பொருள் சொல்லிக்கொடுப்போமா?