கடல் உப்பில் கருகிய மரக்கள்ளி

உம்மா பழைய பேணியில் நட்டுவைத்த கள்ளிச்செடியைப் பார்த்திருப்பீர்கள். வாரக்கணக்கில் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் அது வாடுவதில்லை. அப்படிப்பட்ட இனத்தில் ஒன்று தண்ணீராலேயே அழிந்த கதையை இங்கு பார்ப்போம்.

முதலில் ஒரு விளக்கம். நம் நாட்டின் வறண்ட பகுதிகளில் வளரும் சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வடியும். அது ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. உண்மையான கக்டசு அல்ல. கக்டசுக் குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். நாகதாளியும் அங்கிருந்து கொண்டுவரப்பட்டதே. அமெரிக்காவுக்கு வெளியே இயற்கையாக வளரும் ஒரே கக்டசு 'ரிப்சலிசு'. அது மரக்கிளைகளில் தொற்றி வளரும். இலங்கையிலும் ஆபிரிக்காவிலும் அதைக் காணலாம்.

கக்டசுகளில் சில மரம் போல உயர்ந்து வளர்பவை. 'கீ லார்கோ மரக்கள்ளி' அத்தகையது. அதன் தாவரவியற் பெயர் பைலோசெரியசு மில்சுபோகியை. பூவின் அடியில் வெண்பஞ்சு போன்ற உரோமக் கற்றை இருக்கும். நிலவொளியில் மின்னும் பூக்களில் உள்ளிப்பூண்டு மணம் வீசும். அந்த மணம் வௌவால்களை அழைக்கும். சிவப்பும் ஊதாவும் கலந்த பழங்களைப் பறவைகள் உண்ணும்.

ஐக்கிய அமெரிக்காவில் இது வளர்ந்தது ஓரிடத்தில் மட்டுமே. புளோரிடா மாநிலத்தின் கீ லார்கோ தீவில், கண்டல் மரங்கள் சூழ்ந்த தாழ்வான சுண்ணாம்புக்கற் பாறையில் 1992 இல் அது கண்டறியப்பட்டது. ஒரு காலத்தில் சுமார் 150 தண்டுகள் செழித்திருந்தன. 2015 இல் விலங்குகள் அவற்றில் பாதியளவைக் கடித்துச் சேதப்படுத்தின. நன்னீர் கிடைக்காததால் சதைப்பற்றான தண்டை அவை நாடியிருக்கலாம் என ஆய்வாளர் கருதினர். 2017 இல் இர்மா சூறாவளி வந்தபோது கடல்நீர் சுமார் ஐந்து அடி உயர்ந்து, தீவின் பெரும்பகுதி பல நாட்கள் மூழ்கிக் கிடந்தது. பெருவேலி நீரும் அடிக்கடி ஏறியது. 2021 இல் எஞ்சியவை நலிந்த ஆறு துண்டுகளே.

உப்பு எப்படிக் கொல்கிறது? வேரினுள் இருப்பதைவிட மண்ணீரில் உப்புச் செறிவு கூடினால், பிரசாரணத்தின் மூலம் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. சுற்றிலும் நீர் நிற்கும். தாவரமோ தாகத்தால் இறக்கும்.

எஞ்சிய பசுமையான துண்டுகளை ஆய்வாளர் வெட்டியெடுத்து நாற்றுமனையில் வளர்த்தனர். கடல்மட்ட உயர்வால் ஐக்கிய அமெரிக்காவில் ஓர் இனம் மறைந்த முதற் சம்பவம் இது என 2024 இல் வெளியான ஆய்வுக் கட்டுரை கூறியது. கியூபாவிலும் பகாமாசுத் தீவுகளிலும் அது இன்னும் வளர்கிறது.

ராகலையில் வாழும் நமக்குக் கடல் வெகுதொலைவு. ஆயினும் கடலை உயர்த்துவது வெப்பம். வெப்பத்தை வளர்ப்பது எரிபொருட் புகை. அதில் நம் பங்கும் உண்டு. ஓரிடத்தில் மட்டும் வாழும் இனங்கள் நம் மலைக்காடுகளிலும் உள்ளன. அவற்றின் பெயரை அறிவதிலேயே பாதுகாப்புத் தொடங்குகிறது. அடுத்த விடுமுறையில் ஹக்கல தாவரவியற் பூங்காவுக்குச் செல்வோர், மரங்களின் பெயர்ப்பலகைகளை ஒருமுறை நின்று வாசித்து வாருங்கள்.